ஒரு கேள்விக்குறியும் ஒரு ஆச்சரியக்குறியும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆணி அதிகம்னு வழக்கமா சொல்ற பொய்யை இந்த தடவை சொல்லப் போறதில்ல. எழுத உக்காந்தாலே இந்த ஒரு விஷயம்தான் முன்னாடி வந்து நிக்குது. இதை எழுதாம வேற மொக்கை எதுவும் போட முடியல. அதனால எழுதித் தொலைச்சிடறேன்.

நடுவுல கொஞ்சம் பொட்டி தட்டற சமாச்சாரம் வரும். முடிஞ்ச வரைக்கும் புரியற மாதிரி சொல்றேன். புரியலைன்னா அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

எங்கப்பா தபால்காரர். ரிடையர் ஆயிட்டார். கும்பகோணத்துக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல முப்பது வருஷத்துக்கு மேல சைக்கிள் மிதிச்சவர். அவருக்கு இன்னும் பட்டன் போன்தான். அம்மாகிட்ட ஸ்மார்ட் போன் இருக்கு, அதுல வாட்ஸப்பும் சமையல் வீடியோவும் மட்டும்.

நான் சென்னையில துரைப்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில வேலை பாக்கறேன். எங்க டீம் பண்ற வேலைல ஒண்ணு, ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு (பேர் வேண்டாம்) ரிப்போர்ட் பாக்கற வெப் அப்ளிகேஷன். ரத்தம் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம். ரிப்போர்ட் ரெடியானதும் எஸ்எம்எஸ்ல லிங்க் வரும். அதைத் தட்டி, மொபைல் நம்பர் குடுத்து, ஓடிபி போட்டா ரிப்போர்ட் திறக்கும். அந்த ரிப்போர்ட் பக்கம் முழுக்க நான் எழுதினது. அளவு தாண்டின எண்ணெல்லாம் சிவப்புல வரும். போன்ல திறந்தா நேரா முதல் சிவப்பு எண்ணுக்கே கொண்டு போய் நிறுத்தும். வயசானவங்க கீழ கீழ தள்ளிக்கிட்டு இருக்க வேண்டாமேன்னு நானே யோசிச்சு வச்சது. அதுக்கு ஆபீஸ்ல பாராட்டெல்லாம் கூட கிடைச்சுது. ஹி ஹி.

அதே கூடத்தோட கிளை கும்பகோணத்துல இருக்கு. அப்பாவுக்கு வருஷா வருஷம் சர்க்கரை, கிட்னி எல்லாம் பாக்கணும். "அங்கயே போய்க் குடுங்கப்பா, ரிப்போர்ட் வர்ற பக்கம் நான் செஞ்சது"ன்னு பெருமையா சொல்லி அனுப்பினேன். ஒரு வெள்ளிக்கிழமை காலைல போய்க் குடுத்துட்டு வந்துட்டார்.

அன்னிக்கு ராத்திரி ஒன்பதரை மணிக்கு அம்மா போன்.

"தம்பி, அப்பாவோட ரிப்போர்ட்ல ஏதோ சிவப்பா போட்டிருக்குடா. கிரியாட்டினினாம். ஆறு புள்ளி ரெண்டுன்னு இருக்கு. பக்கத்து வீட்டு டீச்சர் பாத்துட்டு மூஞ்சியே மாறிடுச்சு."

ஆம்பளைங்களுக்கு அது சுமாரா 0.7லேர்ந்து 1.3க்குள்ள இருக்கணும். அந்த அளவுகளை நான்தான் அந்தப் பக்கத்துல ஏத்தியிருக்கேன், மனப்பாடமாத் தெரியும். 6.2ன்னா கிட்னி கிட்டத்தட்ட கையை விரிச்சிடுச்சுன்னு அர்த்தம்.

கூடப் படிச்சவன் ஒருத்தனோட அக்கா டாக்டர். கூப்பிட்டேன். கால் வீக்கம் இருக்கா, மூச்சு வாங்குதா, யூரின் சரியாப் போகுதா... எல்லாத்துக்கும் அம்மா இல்லைன்னுதான் சொன்னாங்க. "ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லு, நாளைக்கே நெஃப்ராலஜிஸ்ட்டைப் பாத்துடுங்க"ன்னாங்க. அம்மாவுக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கத் தெரியாது. ஆபீஸ்லேர்ந்து நான் பாத்திருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. கோட் எழுதற எங்களுக்கு நிஜ ஆளுங்களோட ரிப்போர்ட்டைப் பாக்க அனுமதி கிடையாது. இருக்கவும் கூடாது.

கிளாம்பாக்கம் போய் கிடைச்ச பஸ்ல ஏறிட்டேன். ராத்திரி முழுக்கத் தூங்கல. செங்கல்பட்டு தாண்டினப்போ டயாலிசிஸ் வாரத்துக்கு எத்தனை தடவைன்னு தேடிக்கிட்டு இருந்தேன். விக்கிரவாண்டி வர்றப்போ என் ரத்த குரூப்பும் அப்பாவோடதும் ஒண்ணுதானான்னு யோசிச்சேன். அம்மாகிட்ட ஒரு கேள்வி மட்டும் கேக்கவே தோணல. ரிப்போர்ட் மேல என்ன பேர் போட்டிருக்கு? அப்பாவோட நம்பருக்கு வந்த லிங்க், அப்பாவோட நம்பருக்கு வந்த ஓடிபி. வேற யாரோடதா இருக்கும்?

காலைல போய் இறங்கினா அப்பா திண்ணைல உக்காந்து காபி குடிச்சிக்கிட்டு இருக்கார். "எதுக்குடா அடிச்சுப் பிடிச்சு ஓடியாந்த? எனக்கு ஒண்ணும் பண்ணலியே"ங்கறார். அம்மாவோட போனை வாங்கி அந்தப் பக்கத்தை மேல தள்ளினேன். நேரா சிவப்புக்குக் கொண்டு போற என்னோட புத்திசாலித்தனத்தால, நேத்து ராத்திரி யாருமே பாக்காத மேல் பகுதி.

ஒரு பெண்ணோட பேர். வயசு 61.

கொஞ்ச நேரம் எனக்கு எதுவுமே தோணல. முதல்ல வந்தது சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு இல்ல. அப்பாவுக்கு இல்ல. அடுத்த நிமிஷம் வயித்தைக் கலக்கிடுச்சு. ஏன்னா அந்தம்மாவோட ரிப்போர்ட் எங்க வீட்டுத் திண்ணைக்கு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அட்ரஸ் பாரைப் பாத்தேன். 'ரிப்போர்ட்/' அதோட முடியுது. அதுக்கப்புறம் வரவேண்டிய எண் இல்ல.

நடந்தது இதுதான். எஸ்எம்எஸ் வந்தது அப்பாவோட பட்டன் போனுக்கு. அதுல லிங்க்கைத் தட்டித் திறக்க முடியாது. அதனால அப்பா அதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, அம்மாவோட போன்ல ஒவ்வொரு எழுத்தா அடிச்சிருக்கார். சின்ன ஸ்க்ரீன். ரிப்போர்ட் எண் கீழ அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கு. அவர் கீழ தள்ளிப் பாக்கல. ஓடிபி வந்துச்சு, போட்டார், திறந்துச்சு. அவர் மேல என்ன தப்பு சொல்ல முடியும்?

இனிமே கொஞ்சம் டெக்னிக்கல்.

பழைய காலத்து வெப்சைட்ல ஒவ்வொரு அட்ரஸுக்கும் சர்வர்ல ஒரு பக்கம் இருக்கும். இல்லாத அட்ரஸ் கேட்டா சர்வரே 404ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிடும். 2004ல ஜிமெயில், 2005ல கூகுள் மேப்ஸ் எல்லாம் வந்தப்போ எல்லாரும் வாயைப் பொளந்து பாத்தோமே (நான் அப்போ அரை டிராயர்), அதுக்கப்புறம் இந்த ஒரே பக்க அப்ளிகேஷன் கலாசாரம் பெருசாச்சு. ஒரு தடவைதான் பக்கம் இறங்கும். அப்புறம் எல்லாத்தையும் ப்ரவுசர்லயே ஜாவாஸ்க்ரிப்ட் வரைஞ்சுக்கும். மேல அட்ரஸ் மாறும், ஆனா பக்கம் மாறாது. நீங்க எந்த அட்ரஸைக் கேட்டாலும் சர்வர் அதே ஒரு பக்கத்தை எடுத்து நீட்டி, 200, எல்லாம் நலம்னு சொல்லும். அப்போ இந்த அட்ரஸ் சரியா தப்பான்னு பாக்கற வேலை யாருக்கு? எங்களுக்கு. முன்னாடி சர்வர் சும்மா செஞ்சுக்கிட்டிருந்த ஒரு வேலையை நாங்க வாங்கிக்கிட்டோம். வாங்கினது பாதி பேருக்குத் தெரியவே தெரியாது.

'ரிப்போர்ட்/எண்' அப்படின்னு ஒரு வழி இருந்தா, எண்ணுங்கற எடத்துல எது வேணா வரலாம். அதைத்தான் ரூட் பாராமீட்டர்னு சொல்றோம். தெரு பேர் மாறாது, கதவு எண் மட்டும் மாறும். அந்தக் கதவு எண்ணே இல்லாம ஒரு லெட்டர் வந்தா என்ன பண்றது? இந்தப் பதிவே அதைப் பத்தித்தான்.

நான் ஒழுங்காத்தான் ஆரம்பிச்சேன். எண் கட்டாயம்னு எழுதினா ரியாக்ட் ரூட்டர் 'ரிப்போர்ட்/' மட்டும் வந்தா அந்தப் பக்கத்தைத் திறக்கவே திறக்காது. அது நல்ல குணம். ஆனா ஆறு மாசம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் (எல்லா அசம்பாவிதமும் வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான்) டெஸ்டிங்லேர்ந்து ஒரு டிக்கெட். கூடத்தோட வரவேற்பு மேஜையில இருக்கறவங்க மெனுல ரிப்போர்ட்டுன்னு அழுத்தினா ஒண்ணும் வரல. அவங்களுக்கு எண் தெரியாது, கடைசியா வந்த ரிப்போர்ட் தானா திறக்கணும்.

தனிப் பக்கம் எழுதியிருக்கணும். எழுதல. எண்ணுக்குப் பின்னாடி ஒரு கேள்விக்குறி போட்டேன். அதுக்கு, இருந்தா சரி, இல்லாட்டியும் சரின்னு அர்த்தம். ரியாக்ட் ரூட்டர் அஞ்சாவது வெர்ஷன்ல இந்த வசதி இருந்துச்சு. 2021ல ஆறு வந்தப்போ தூக்கிட்டாங்க. எல்லாரும் கத்தினதுல 2022 கடைசில 6.5ல திருப்பிக் குடுத்தாங்க. கத்தினவங்கள்ல நானும் ஒருத்தன்.

கேள்விக்குறி போட்டதும் டைப்ஸ்க்ரிப்ட் சிவப்புக் கோடு போட்டுச்சு. "டேய், இந்த எண் இல்லாமலும் போகலாம், நீ இருக்கும்னு நினைச்சு எழுதியிருக்க"ன்னு. ரொம்ப நல்ல பிள்ளை அது. நான் பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி போட்டேன். டைப்ஸ்க்ரிப்ட்ல ஆச்சரியக்குறிக்கு, எனக்குத் தெரியும், நீ வாயை மூடுன்னு அர்த்தம். மூடிக்கிச்சு.

அடுத்தது சர்வர்கிட்ட கேக்கற எடம். ஆக்ஸியாஸ்னு ஒரு லைப்ரரி மூலமா கேக்கறோம். எண் என்னன்னு ஒரு பாராமீட்டரா குடுத்தா அதுவே அட்ரஸ்ல ஒட்ட வச்சு அனுப்பும். அந்த எண் அன்டிஃபைன்டா இருந்தா? சத்தமில்லாம அதை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பும். இது பக் இல்ல, அவங்க டாகுமென்ட்லயே தெளிவா எழுதியிருக்காங்க. படிச்சா தெரியும். ஆக, இந்த எண் ரிப்போர்ட்டைக் குடுன்னு கேக்க வேண்டிய கேள்வி, ரிப்போர்ட்டுகளைக் குடுன்னு ஆயிடுச்சு. சர்வர் சமத்தா புதுசு முதல்ல வர்ற மாதிரி ஒரு பட்டியலை எடுத்து அனுப்பிச்சு. பட்டியல் வந்தா முதல்ல இருக்கறதை எடுத்துக்கோன்னு நான் எழுதி வச்சிருந்தேன். நாலே நிமிஷம். டிக்கெட்டை மூடிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

வரவேற்பு மேஜைக்கு அது சரிதான். ஆனா வீட்லேர்ந்து பாக்கறவங்களுக்கும் அதே பக்கம்தான்.

இதுல என்னைக் கடுப்பேத்தற விஷயம் ஒண்ணு இருக்கு. எண்ணை நேரா அட்ரஸ் வரிக்குள்ள ஒட்டி எழுதியிருந்தா, அது 'ரிப்போர்ட்டுகள்/அன்டிஃபைன்ட்' அப்படின்னு போயிருக்கும். ஜாவாஸ்க்ரிப்ட் அப்படித்தான், இல்லாததைக் கூட எழுத்துக் கூட்டி எழுதும். கோட் ரிவ்யூல பாத்தா எல்லாரும் சிரிப்பாங்க. ஆனா சர்வர், அன்டிஃபைன்ட்னு ஒரு ரிப்போர்ட் எங்கிட்ட இல்லப்பான்னு 404 சொல்லியிருக்கும். அப்பா ஒரு வெள்ளைப் பக்கத்தைப் பாத்துட்டு, "உன்னோட பக்கம் திறக்கலடா"ன்னு என்னை நக்கல் பண்ணியிருப்பார். அவ்வளவுதான். அசிங்கமா எழுதியிருந்தா தப்பிச்சிருப்பேன், அழகா எழுதி மாட்டிக்கிட்டேன்.

இந்த இல்லாததுங்கற விஷயம் ரொம்பப் பழைய தலைவலி. டோனி ஹோர்னு ஒரு பெரிய மனுஷர் 1965ல அல்கால் டபிள்யூங்கற மொழிக்காக நல் ரெஃபரென்ஸ்னு ஒண்ணைக் கொண்டு வந்தார். 2009ல லண்டன்ல ஒரு மாநாட்டுல அதைத் தன்னோட பில்லியன் டாலர் தப்புன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டார். சும்மா சுலபமா இருந்துச்சேன்னு போட்டாராம். கலிஃபோர்னியாவுல ஒரு ஆள் தன்னோட கார் நம்பர் பிளேட்டுக்கு நல்லுங்கற வார்த்தையையே வாங்கி வச்சார். நம்பர் பதிவாகாத யார் யாரோட பார்க்கிங் அபராதமெல்லாம் அவர் தலைல வந்து விழுந்து, 12,000 டாலரைத் தாண்டிடுச்சு. 2019ல டெஃப்கான் மாநாட்டுல அவரே சொன்ன கதை. படிச்சப்போ விழுந்து விழுந்து சிரிச்சேன். இப்போ சிரிப்பு வரல.

திண்ணைக்கு வருவோம்.

அப்பாவுக்கு இவ்வளவையும் சொல்ல முடியுமா? "லிங்க்ல கடைசி நம்பர் விட்டுப் போச்சுப்பா, அதனால வேற ஒருத்தங்களோடது வந்துடுச்சு"ன்னேன். அப்பா கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தார்.

"நம்பர் இல்லைன்னா எப்படிடா வேற வீட்டுக்குப் போகும்?"

"அது... எதையாவது காட்டணும்னு கடைசியா வந்ததைக் காட்டுதுப்பா."

"யார் அப்படி வச்சது?"

சொன்னேன். நான்தான்னு.

அப்பா திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவரோட சர்வீஸ்ல கதவு எண் இல்லாம, பாதி அட்ரஸோட எத்தனையோ லெட்டர் வந்திருக்கு. பேரை வச்சு விசாரிப்பாராம். டீக்கடைல கேப்பாராம். தெரியலைன்னா முகவரி முழுமையா இல்லைன்னு எழுதி, அனுப்பினவருக்கே திருப்பிடணும். அனுப்பினவர் முகவரியும் இல்லைன்னா ஆர்எல்ஓன்னு ஒரு ஆபீஸ் இருக்கு, திரும்பி வந்த கடிதங்களுக்குன்னே. அங்கதான், அதுக்குன்னு அதிகாரம் இருக்கற ஆள் மட்டும்தான் பிரிச்சுப் பாக்கலாம், அதுவும் முகவரி உள்ள இருக்கான்னு பாக்கத்தான். "எத்தனையோ லெட்டர் திரும்பிப் போயிருக்கு. ஒண்ணைக்கூட தெருவுல முதல் வீட்ல போட்டுட்டு வந்ததில்ல"ன்னார். சாதாரணமாத்தான் சொன்னார். எனக்குத்தான் காது சூடாச்சு.

அப்புறம் கேட்டார் பாருங்க ஒரு கேள்வி. நானா இருந்தா ஒரு வாரம் கழிச்சுக் கூட யோசிச்சிருக்க மாட்டேன்.

"அந்தம்மாவுக்கு அவங்களோடது போய்ச் சேந்துச்சா?"

நான் பேர் வெளில போனதையும், என் வேலை போகுமாங்கறதையும்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவர் நினைச்சது, கிரியாட்டினின் 6.2 இருக்கற ஒரு பொம்பளைக்கு அது தெரியுமா தெரியாதாங்கறதை.

"அவங்களுக்கும் எஸ்எம்எஸ் போயிருக்கும்ப்பா"ன்னேன்.

"போயிருக்கும்னா?"

எங்கிட்ட பதில் இல்ல. துண்டுச் சீட்டைத் தேடி, பட்டன் போன்ல கீழ தள்ளி, எண்ணை முழுசா அடிச்சு அப்பாவோட ரிப்போர்ட்டைத் திறந்தோம். கிரியாட்டினின் 1.1. சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூட. அம்மா சாமி ரூமுக்குப் போயிட்டாங்க. அப்பா தன்னோடதைச் சரியாப் பாக்கக்கூட இல்ல.

சனிக்கிழமைன்னும் பாக்காம எங்க லீடைக் கூப்பிட்டேன். எனக்கு அஞ்சாறு வருஷம் சீனியர், அக்கான்னுதான் கூப்பிடுவேன். மூச்சு விடாம எல்லாத்தையும் சொன்னேன். ஒரு நிமிஷம் லைன்ல சத்தமே இல்ல. அப்புறம், "லேப்டாப் எடுத்துட்டுப் போயிருக்கியா? முதல்ல அந்த வழியை அடை. மிச்சம் அப்புறம் பேசலாம்"னாங்க. அப்பா வீட்டுக் கட்டில்ல உக்காந்து கேள்விக்குறியை அழிச்சேன். வரவேற்பு மேஜைக்கு மறுபடியும் ஒண்ணும் வராது. பரவாயில்லைன்னாங்க.

திங்கட்கிழமை டேமேஜர் ரூம்ல பஞ்சாயத்து. நான் உள்ளுக்குள்ள ஒரு வக்கீல் மாதிரி ரெடியாத்தான் போயிருந்தேன். என் பக்கத்துல தப்பிருக்கு, சரி. ஆனா சர்வர் ஏன் எண் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்லுச்சு? ஓடிபி போட்டு வந்த ஆளோட ரிப்போர்ட்தானா அதுன்னு ஏன் பாக்கல? ஓவாஸ்ப் வெளியிட்ட 2021 பட்டியல்ல முதல் எடமே இந்தத் தப்புக்குத்தான், யாருக்கு எதைப் பாக்க உரிமைன்னு சரிபாக்காததுக்கு. இதெல்லாம் உண்மைதான். பேக்எண்ட் பையன் மூஞ்சி தொங்கிப் போச்சு. அவன் பக்கமும் ஒரு நியாயம் இருந்துச்சு. "வரவேற்பு மேஜைக்கு மட்டும்தான் இந்தப் பட்டியல்னு சொல்லித்தானே கேட்டீங்க? பேஷண்ட் பக்கத்துலேர்ந்து எண் இல்லாம வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?" நான்தான் அப்படிக் கேட்டிருந்தேன். சாட்ல இருக்கு.

சத்தமில்லாம சரி பண்ணிட்டுப் போயிடலாமான்னு ஒரு குரல் வந்துச்சு. யாருன்னு சொல்ல மாட்டேன். அக்காதான், "லாகைப் பாத்துட்டு, எத்தனை பேர்னு எண்ணி, கிளையன்ட்கிட்ட நாமளே சொல்றோம்"னாங்க. லாகைத் தேடினோம். பேஷண்ட் பக்கத்துலேர்ந்து எண் இல்லாம போன கேள்வி ஆறு மாசத்துல 7. எங்கப்பா ஏழாவது. மிச்ச ஆறு பேர் என்ன பாத்தாங்க, பாத்துட்டு ராத்திரி தூங்கினாங்களா, இல்ல என்னை மாதிரி பஸ் ஏறினாங்களா... யாரும் புகார் குடுக்கல. இல்ல, குடுத்து எங்க வரைக்கும் வந்து சேரலையோ என்னமோ.

கிளையன்ட்கிட்ட சொன்ன அந்தக் கால் மணி நேரத்தைப் பத்தி எழுத வேண்டாம். சொன்னோம். கேட்டாங்க. கேக்க வேண்டியதைத்தான் கேட்டாங்க.

சரி பண்ணின கதையை மட்டும் கொஞ்சம் விலாவாரியா சொல்லிடறேன், யாருக்காவது ஆகும்.

வரவேற்பு மேஜைக்குத் தனி வழி, தனிப் பக்கம். ஒரு நாள் வேலை. ஆறு மாசம் முன்னாடியும் அது ஒரு நாள் வேலைதான். ரிப்போர்ட் வழில எண் கட்டாயம். எண் இருந்தா மட்டும் போதாது, அது எண் மாதிரி இருக்கான்னும் வாசல்லயே பாக்கறோம். எங்க ரிப்போர்ட் எண்ணுக்கு ஒரு வடிவம் உண்டு, முன்னாடி ரெண்டு எழுத்து, அப்புறம் எட்டு இலக்கம். சும்மா காலியா இருக்கான்னு மட்டும் பாத்தா அன்டிஃபைன்ட்ங்கற வார்த்தையே உள்ள வந்துடும். அது காலி இல்லையே, எழுத்து இருக்கே! வடிவம் பொருந்தலைன்னா சர்வர் பக்கமே போறதில்ல. பொருந்தினா கைல கிடைக்கறது, இல்லாமப் போக வாய்ப்பே இல்லாத எண். அதுக்கப்புறம் உள்ள எங்கயும் ஆச்சரியக்குறிக்கு வேலை இல்ல. ப்ராஜெக்ட் முழுக்கத் தேடி அழிச்சேன். எத்தனைன்னு சொன்னா மானம் போகும்.

லிங்க் உண்டாக்கற எடங்களையும் மாத்தினோம். எல்லா எடத்துலயும் கையால ஒட்டி எழுதியிருந்தோம். ரூட்டர்லயே ஜெனரேட்பாத்னு ஒண்ணு இருக்கு. எண் இல்லாம கூப்பிட்டா அங்கயே எரர் போட்டுக் கத்தும். கத்தினா நல்லது, நம்ம மெஷின்லயே தெரிஞ்சுடும்.

பேக்எண்ட் பையன் அவன் பங்குக்கு, எண் இல்லைன்னா 400, எண் இருந்து அது உன்னோடது இல்லைன்னா 404ன்னு போட்டான். உன்னோடது இல்லைன்னு கூட சொல்றதில்ல. அப்படி சொன்னா, அந்த எண்ல ஒரு ரிப்போர்ட் இருக்குங்கறது தெரிஞ்சுடும் பாருங்க. இதை அவனாவே யோசிச்சான். டீ வாங்கிக் குடுத்தேன்.

கடைசியா அந்தப் பக்கம். எண் இல்லாம வர்றவங்களுக்கு என்ன காட்டறது? முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விட்டுடலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. எனக்கு ஒப்பல. ரிப்போர்ட் கேட்டு வந்தவர் திடீர்னு முகப்புல நின்னா, தான் என்ன தப்பு பண்ணினோம்னே அவருக்குத் தெரியாது, மறுபடியும் அதே பாதி லிங்க்கைத்தான் அடிப்பார். அதனால ஒரு தனிப் பக்கம். எண்ணை அடிக்க ஒரு பெட்டி, பில்லுல அது எங்க அச்சடிச்சிருக்குன்னு ஒரு படம். மேல பெரிய எழுத்துல 'தவறான இணைப்பு'.

இது லைவ் போன அன்னிக்கு ஊருக்குப் போன் பண்ணினேன். அப்பா அம்மாவோட போனை எடுத்து, வேணும்னே கடைசி எண்ணை விட்டுட்டு அடிச்சுப் பாத்தார். நான் லைன்லயே இருந்தேன்.

"திறக்கலடா. நம்பர் கேக்குது."

"அப்பாடா"ன்னேன்.

"என்னடா இது, தவறான இணைப்புன்னு போட்டிருக்க?"

"ஆமாப்பா, நம்பர் இல்லாம வந்தா தப்புதானே."

"தப்புன்னு எழுதாத. அவங்க தப்பா எழுதல, முழுசா எழுதல. தப்புன்னு போட்டா எங்க தப்புன்னு பயந்துக்கிட்டு மூடி வச்சிருவாங்க. எது இல்லைன்னு எழுது."

அன்னிக்கு ராத்திரியே மாத்தினேன். இப்போ அங்க, 'இணைப்பு முழுமையாக இல்லை. கடைசியில் உள்ள ரிப்போர்ட் எண் விடுபட்டுள்ளது' அப்படின்னு இருக்கு. ரிவ்யூல ஒருத்தர் நீளமா இருக்குன்னார். அக்கா விட்டுடச் சொல்லிட்டாங்க. நேரா சிவப்புக்குத் தாவறதையும் எடுத்துட்டேன். இப்போ முதல்ல பேர், பெரிய எழுத்துல. அதுக்கு மட்டும் யாரும் பாராட்டல.

அந்தம்மாவைப் பத்தி கிளையன்ட் பக்கத்துலேர்ந்து ஒரே வரி மெயில் வந்துச்சு. சம்பந்தப்பட்ட எல்லாரையும் போன்ல கூப்பிட்டுச் சொல்லிட்டோம்னு. அதுக்கு மேல எனக்குச் சொல்ல மாட்டாங்க, நானும் கேக்கக் கூடாது. அப்பாகிட்ட அதைச் சொன்னேன்.

"எடுத்துப் பேசினாங்களாமா?"

"கூப்பிட்டுச் சொன்னாங்கன்னு போட்டிருக்குப்பா."

"ம்"ன்னார். அவருக்கு அது போதல. போன வாரம் பேசறப்போ கூட கேட்டார்.